இனாம் இணையம்

இனாமாக வருவதை வேண்டாமென்று சொல்லும் மனிதர் உலகத்தில் உண்டோ? பூரணாங்குப்பத்தில் நம்மிடம் படிக்கும் மாணவன் ஒருவன் சென்ற வாரம் இதைத்தான் வேறு விதமாகக் கேட்டான். "ஏழைகளுக்கு இணையத்தை இனாமாகத் தருகிறோமென்று பேஸ்புக் கம்பெனி முன்வந்தபோது ஏன் தடுத்தார்கள், ஐயா?"

விஷயம் இதுதான். 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மூலமாகத் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் அத்திட்டம் ஆரம்பமாயிற்று. பின்னர் அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் சூட்டினர். கட்டணமில்லை, ஆனால் குறிப்பிட்ட சில தளங்களே திறக்கும். எத்தளம் உள்ளே வரலாமென்ற நிபந்தனைகளை வகுத்ததும் அக்கம்பெனியே.

"நம் ஊரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு தனவந்தர் இனாமாக வண்டி விடுகிறார். அது அவர் குறித்த கடைகளின் வாசலில் மட்டுமே நிற்கும். பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கும் கிழவியின் கதி என்ன?" என்றோம்.

"வண்டிக் கூலி இல்லாதவனுக்கு அதுவாவது உண்டே, ஐயா!" என்றான். அவன் வாக்கிலும் நியாயம் உண்டு.

இந்த வழக்கைத் தீர்க்கவே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய 'டிராய்', 2015 டிசம்பரில் நான்கு கேள்விகளை வெளியிட்டு ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கோரியது. தளத்துக்குத் தளம் கட்டணம் வேறுபடலாமா என்பதே அவற்றின் சாரம். உடனே பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் தோன்றின. பேஸ்புக்கில் ஆணையத்துக்கான கடிதம் ஆயத்தமாக இருந்தது. பொத்தானை அழுத்தினாற் போதும். இலட்சக்கணக்கானோர் அழுத்தினர். திட்டம் வேண்டுமென்றன அக்கடிதங்கள். கேட்ட கேள்விகளுக்கு விடை கூறவில்லை. ஆணையமே இதைச் சுட்டிக் காட்டியது. அவ்வருஷம் ஏப்ரலில் இணையச் சமத்துவம் கோரியவர்களும் ஆயத்தக் கடிதங்களையே அனுப்பினர் என்பது மெய். ஆனால் அவை வினாவுக்கு விடையாக அமைந்தவை.

2016 பிப்ரவரி 8-ந் தேதி ஆணையம் வேறுபட்ட கட்டணங்களைத் தடை செய்தது. சில தினங்களில் அத்திட்டம் இந்தியாவிலிருந்து விலகியது. அவ்வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்தபின் கட்டணங்கள் பெரிதும் சரிந்து, முழு இணையமே ஏழைகளின் கைக்கு எட்டலாயிற்று.

கம்பெனிகள் தங்கள் காரியத்துக்காக மனுப் போடுவது புதிதன்று, குற்றமுமன்று. குடிகளின் குரலை இரவல் வாங்கி மனுப் போடுவதே அபாயம். குரலை இரவல் கொடுப்பவர்களும் அதற்குப் பொறுப்பாளிகளே. வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறோம்: அந்தப் பொத்தானை அழுத்தியவர்களில் நாமும் ஒருவர். படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதே என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாமேதான்!

மாணவனிடம் இதையும் ஒப்புக்கொண்டோம். "கடிதத்தில் என்ன எழுதியிருந்தது, ஐயா?" என்றான். நல்ல வேளையாக மணி அடித்தது.