பழி பேட்டரி மேல், பழுது வேறிடத்தில்

மின்வாரியக் கம்பி போகாத மலைத் தோட்டங்களிலும் காட்டோர விடுதிகளிலும் வனத்துறை முகாம்களிலும் மின்சாரத்தை அங்கேயே உண்டாக்கி, அங்கேயே சேர்த்து, அங்கேயே செலவழிக்கிறார்கள். கூரையில் சோலார் பேனல்கள், அறைக்குள் பேட்டரி வரிசை, அதையொட்டிச் சுவரில் சார்ஜ் கன்ட்ரோலரும் இன்வெர்ட்டரும், சற்றுத் தள்ளிக் கொட்டகையில் ஒரு டீசல் ஜெனரேட்டர். பெரும்பாலான இடங்களில் இதுதான் ஏற்பாடு. இவற்றுள் எது கெட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: இரவில் விளக்கு அணைகிறது. "பேட்டரி நிக்க மாட்டேங்குது" என்று மலையிலிருந்து போன் போகும். அதைக் கேட்டு ஏறி வரும் மெக்கானிக்கின் வேலை, அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்காமல் இருப்பதில் தொடங்குகிறது.

இத்தொழிலுக்குப் பல வழிகளில் ஆட்கள் வருகிறார்கள். ஐ.டி.ஐ. படித்த எலெக்ட்ரீஷியன், லாரி பேட்டரிக் கடையில் வேலை பழகியவர், மோட்டாருக்குக் காயில் கட்டியவர், செல்போன் டவரில் ஜெனரேட்டர் பார்த்தவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பின்னணி. பையில் இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: மல்டிமீட்டர், டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர், ஹைட்ரோமீட்டர், கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஸ்பேனர்கள், கண்ணாடி, ரப்பர் கையுறை, சமையல் சோடா, வாஸ்லின். வேலை தொடங்கும் முன் மோதிரமும் கைக்கடிகாரமும் சட்டைப் பைக்குள் போய்விடும். பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு மோதிரம் சிக்கினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, மோதிரம் விரலோடு பழுத்துவிடும்.

இக்கட்டுரைக்காகப் பார்த்த அமைப்பு, கொடைக்கானல் மேல்மலையில் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு தோட்ட விடுதியினுடையது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரிகள் எட்டு; நான்கு நான்காகத் தொடரில் கோத்து, இரு வரிசைகளையும் பக்க இணைப்பில் சேர்த்தது. மொத்தம் 48 வோல்ட், 300 ஆம்பியர்-அவர். 335 வாட் பேனல்கள் ஒன்பது, மும்மூன்றாக மூன்று வரிசை. 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர், 7.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர். மழைக்காலம் முடிந்து வெயில் வந்த பிறகும் இரவு பத்து மணிக்கே இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கிவிடுகிறது என்பது புகார். எட்டுப் பேட்டரியையும் மாற்ற என்ன விலை என்று உரிமையாளர் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தார்.

முதல் கருவி கேள்வி. "அண்ணே, புதுசா ஏதாச்சும் மாட்டுனீங்களா?" என்று விடுதிக் காவலரிடம் மெக்கானிக் கேட்கிறார். "பெருசா ஒண்ணும் இல்ல தம்பி. ரூமுக்கு ஒரு கெட்டில், கறி வைக்க ஒரு ஃப்ரீசர்" என்கிறார் அவர். இந்தப் பதிலை வைத்தே வரவு செலவுக் கணக்கு எழுதப்படுகிறது. பேட்டரியில் முழுச் சேமிப்பு 14.4 யூனிட். ஆயுள் கருதிப் பாதிக்குமேல் எடுக்கக் கூடாது என்பதால் கைச்செலவுக்கு 7.2 யூனிட். ஒன்பது பேனல்கள் தெளிந்த வானத்தில் நாளொன்றுக்கு நான்கு மணி நேர முழு வெயிலுக்கு ஈடாக உழைத்தால் 12 யூனிட். தூசு, வெப்பம், கம்பி, மின்மாற்றம் ஆகியவற்றின் இழப்புப் போக எட்டு யூனிட்டை ஒட்டித்தான் கையில் கிடைக்கும். மறுபக்கம், ஒன்றையும் ஓட்டாமல் சும்மா நிற்கும் இன்வெர்ட்டரே 50 வாட் இழுக்கும். அது மட்டும் நாளுக்கு 1.2 யூனிட். ஃப்ரீசர் ஏறக்குறைய அதே அளவு. 1,500 வாட் கெட்டில் கால் மணி நேரம் கொதித்தால் 375 வாட்-அவர். நான்கு அறைகளில் காலையும் மாலையும் என்றால் மூன்று யூனிட். எந்தக் கருவியும் கெடாமலேயே அமைப்பு தோற்கும் இடம் இது.

அடுத்துக் கண்ணும் மூக்கும். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கிறதா, கேபிள் நுனியில் உள்ள லக் கருகியிருக்கிறதா, அமிலம் கசிந்து தட்டு அரித்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஏதோ ஒரு பேட்டரி மிதமிஞ்சிச் சார்ஜ் ஆகிச் சூடேறுகிறது என்று பொருள். உடனே சார்ஜை நிறுத்தி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும் என்பதால் பேட்டரி அறையில் பீடி, தீக்குச்சிக்கு இடமில்லை. எலி கடித்த ஒயர், ஜங்ஷன் பெட்டியில் எறும்புப் புற்று, இன்வெர்ட்டர் போர்டில் செத்துக் கிடக்கும் பல்லி ஆகியவையும் மலையில் வழக்கமான பழுதுகள்.

பிறகுதான் மீட்டர். சார்ஜும் லோடும் இல்லாமல் சில மணி நேரம் ஓய்ந்த 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி, நிறைந்திருந்தால் 12.7 வோல்ட்டையும், பாதியில் 12.2 வோல்ட்டையும் ஒட்டிக் காட்டும். வெயிலில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது அளந்த வோல்ட்டேஜை அனுபவசாலிகள் நம்புவதில்லை. ஓய்வில் நன்றாகத் தெரியும் பேட்டரியும் சுமை ஏறியதும் படுத்துவிடலாம் என்பதால் லோடு போட்டு ஒவ்வொன்றாக அளக்கிறார்கள். விடுதியில் 40 ஆம்பியர் இழுக்கும்போது முதல் வரிசையின் நான்கும் 11.9 காட்டின. இரண்டாம் வரிசையில் மூன்று 12.4, ஒன்று 10.4. இரு வரிசையின் கூட்டுத்தொகையும் 47.6தான், மொத்த வோல்ட்டேஜை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. 10.4 காட்டிய பேட்டரியின் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. அதன் கூட்டாளிகள் 12.4 காட்டுவது வலிமையால் அல்ல, வேலை செய்யாததால். கிளாம்ப் மீட்டர் அதை உறுதி செய்தது: முதல் வரிசை 31 ஆம்பியர் கொடுக்க, இரண்டாவது 9 ஆம்பியரோடு நின்றது. லோடு இல்லாத நேரத்தில் நல்ல வரிசை கெட்ட வரிசைக்குள் மின்சாரத்தை இறக்கிக்கொண்டே இருக்கும் என்பது கூடுதல் நட்டம்.

ஹைட்ரோமீட்டர் இன்னும் ஆழத்துக்குப் போகிறது. இந்த வகை டியூபுலர் பேட்டரி நிறைந்திருந்தால் அமிலத்தின் ஒப்படர்த்தி 27 டிகிரியில் சுமார் 1.240. செத்த செல் 1.100 காட்டியது எதிர்பார்த்ததே. ஆனால் நல்ல வெயில் அடித்த நாளின் மாலையில் மற்ற செல்களும் 1.200-ஐத் தாண்டவில்லை. ஒரு செல் கெட்டது மட்டும் இதற்குக் காரணமாக முடியாது. வரிசை முழுவதும் நெடுநாளாக அரைப் பசியில் இருந்திருக்கிறது. இப்படி முழுச் சார்ஜ் காணாத தகடுகளில் ஈய சல்ஃபேட் படிந்து இறுகி, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும்.

பசிக்குக் காரணம் சுவரில் இருந்தது. லெட்-ஆசிட் பேட்டரிக்குக் குளிரில் அதிக வோல்ட்டேஜ் தர வேண்டும். செல்லுக்கு, டிகிரிக்கு ஏறக்குறைய 4 மில்லிவோல்ட். 24 செல்கள் கொண்ட 48 வோல்ட் வரிசைக்கு 25 டிகிரியில் 57.6 வோல்ட் என்றால், 12 டிகிரி அறையில் 58.8 வேண்டும். இதற்காகவே கன்ட்ரோலரிலிருந்து ஒரு வெப்ப சென்சர் வந்து பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டப்படுகிறது. விடுதியில் அது ஒட்டு விட்டுப்போய், கன்ட்ரோலரின் சூடான முதுகில் சாய்ந்து கிடந்தது. பேட்டரி 40 டிகிரியில் தகிப்பதாக நம்பிய கன்ட்ரோலர், வோல்ட்டேஜை 56-க்குக் குறைத்துக்கொண்டிருந்தது. அளவைக் கூட்ட வேண்டிய குளிரில் அது குறைத்திருக்கிறது. பிளாஸ்டிக் சென்சரை மீண்டும் ஒட்ட ஐந்து நிமிடம் ஆனது.

கேபிள்களை லோடு ஓடும்போதே சோதிக்கிறார்கள். பேட்டரி முனையில் ஒரு வோல்ட்டேஜும் இன்வெர்ட்டர் முனையில் அதைவிடக் குறைந்த வோல்ட்டேஜும் இருந்தால், வித்தியாசம் நடுவில் ஏதோ ஓர் இணைப்பில் வெப்பமாகிறது. வெறும் பத்து மில்லி ஓம் தடையுள்ள தளர்ந்த லக், 100 ஆம்பியர் ஓடும்போது ஒரு வோல்ட்டை விழுங்கி 100 வாட் சூட்டைக் கக்கும். அப்போது பேட்டரியில் மின்சாரம் இருந்தும் 'லோ பேட்டரி' என்று இன்வெர்ட்டர் அணைந்துவிடும். லக்கைக் கழற்றி, சோடாத் தண்ணீரால் கழுவி, உலர்த்தி, தேய்த்து, இறுக்கிய பிறகே வாஸ்லின் பூச வேண்டும். கழற்றுவதற்கும் ஒழுங்கு உண்டு: முதலில் லோடு, அடுத்துப் பேனல், கடைசியில் பேட்டரி, மாட்டும்போது தலைகீழ். பேனல் இணைந்திருக்கப் பேட்டரியைப் பிடுங்கினால் பல கன்ட்ரோலர்கள் அந்தக் கணமே எரிந்துபோகும்.

பேனல்களில் ஏமாற்றும் அளவு ஒன்று உண்டு. பேட்டரி நிறைந்திருந்தால் கன்ட்ரோலர் தானே ஆம்பியரைக் குறைக்கும். அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பெரிய லோடைப் போட்டுவிட்டு, வரிசை வரிசையாக கிளாம்ப் மீட்டரில் ஒப்பிட வேண்டும். மூன்றில் இரண்டு வரிசைகள் 8 ஆம்பியரும் ஒன்று 3 ஆம்பியரும் தந்தன. காரணம் எதிரே நின்ற சில்வர் ஓக். பேனல் மாட்டிய ஆண்டில் அது சிறு மரம். இப்போது பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் அதன் நிழல் கூரையில் விழுகிறது. கிளையை வெட்டுவதே அங்கு மின் பழுதுபார்ப்பு.

குளிரில் பேனலின் வோல்ட்டேஜ் ஏறும் என்பதையும் மலையில் மறக்கக் கூடாது. மூன்று பேனல்களின் திறந்த வோல்ட்டேஜ் 25 டிகிரியில் 138 என்றால், உறைபனி விழுந்த விடியலில் 148-ஐத் தொடும். கன்ட்ரோலரின் தாங்கு எல்லை 150. "இன்னொரு பேனல தொடர்ல சேத்துட்டா சார்ஜ் ஏறுமே" என்ற யோசனை கன்ட்ரோலரைக் கொன்றுவிடும். டி.சி. பொறியின் குணமும் வேறு. ஏ.சி. ஒவ்வொரு விநாடியும் 100 முறை சுழியைக் கடப்பதால் பொறி தானே அணைய வாய்ப்பு உண்டு, டி.சி.க்கு அது இல்லை. வீட்டு ஏ.சி. பிரேக்கரைப் பேனல் பக்கம் மாட்டியிருந்தால் முதல் வேலையாக மாற்ற வேண்டும்.

கடைசியில் ஜெனரேட்டர். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் அதன் சொந்த ஸ்டார்டர் பேட்டரியோ, டீசலில் கலந்த தண்ணீரோ, டேங்க் காலியாகி உள்ளே புகுந்த காற்றோ காரணம். காற்றை வெளியேற்ற ஃபில்டர் பக்கம் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கையால் பம்ப் செய்கிறார்கள். எஞ்சின் ஓடியும் இன்வெர்ட்டர் ஏற்கவில்லை என்றால் ஃப்ரீக்வென்சியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் தடுமாறி 50 ஹெர்ட்ஸை விட்டு அதிகம் ஏறி இறங்கினால், இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள விலகி நிற்கும்.

விடுதியில் ஜெனரேட்டர் நன்றாகவே ஓடியது. ஓட்டிய நேரமும் ஏற்றிய சுமையும்தான் தவறு. தினமும் மாலையில் 30 ஆம்பியர் சார்ஜருக்காக மட்டும் ஓட்டியிருக்கிறார்கள். அது சுமார் 1.7 கிலோவாட், ஜெனரேட்டரின் திறனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவு குறைந்த சுமையில் டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் கறுப்பு எண்ணெயாகப் படியும். ஆகவே விடிகாலையில் ஓட்டி, தண்ணீர் மோட்டாரையும் கெட்டிலையும் அப்போதே போட்டு, மிச்சச் சார்ஜை வெயிலுக்கு விட்டுவிடச் சொன்னார்கள். 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரி மெதுவாகவே ஏற்கும். அந்த நேரத்துக்கு டீசல் எரிப்பது வீண். 2,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கே என்பதால், ஜெனரேட்டரில் முழுச் சுமையும் ஏற்றக் கூடாது.

லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் பேட்டரி வந்த இடங்களில் ஒழுங்கு இதேதான், அளவுகோல் வேறு. அதன் வோல்ட்டேஜ் பெரும்பகுதி நேரம் செல்லுக்கு 3.2, 3.3 என்றே நிற்பதால் அதை வைத்து மிச்சம் சொல்ல முடியாது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் ஷண்ட் வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. பழைய லெட்-ஆசிட் செட்டிங்கிலேயே இன்வெர்ட்டரை விட்டுவைத்தால், அதன் மிகைச் சார்ஜுக்கு அஞ்சி பேட்டரிக்குள் உள்ள பாதுகாப்புச் சுற்றான பி.எம்.எஸ். தொடர்பைத் துண்டித்துவிடும்.

விடுதியில் மாற்ற வேண்டியிருந்தது ஒரே ஒரு பேட்டரி. அதுவும் புதிது அல்ல, மற்றவற்றின் வயதை ஒத்த பழையது. பழைய வரிசைக்கு நடுவே புதிதைச் சொருகினால் மற்றவை அதையும் கீழே இழுத்துவிடும். சென்சரை ஒட்டாமல் எட்டுப் புதுப் பேட்டரி மாட்டியிருந்தாலும் அவையும் அதே அரைப் பசியில் கெட்டிருக்கும். பேட்டரி அறைக் கதவில் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிடுங்கள். காலை, மாலை வோல்ட்டேஜ், மாதம் ஒருமுறை ஒப்படர்த்தி, ஊற்றிய டிஸ்டில்டு வாட்டர், ஜெனரேட்டர் ஓடிய மணி ஆகிய நான்கையும் எழுதி வந்தால் போதும். கடைக்கு விலை கேட்டுப் போன் செய்வதற்கு முன் அந்த நோட்டை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.