வேடந்தாங்கலில் ஒரு காலைப் பொழுது

மார்கழி கழிந்து தை பிறந்தால் வேடந்தாங்கலுக்குப் போய் வருவது எங்கள் குடும்ப வழக்கம். சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். விடியுமுன்னே புறப்பட்டுவிடுவோம். ஏரிக்கரையில் ஏறியதும் என் தகப்பனார் நோட்டுப் புத்தகத்தைப் பிரிப்பார். பறவையின் பெயர், எண்ணிக்கை, கண்ட நேரம் மூன்றையும் எழுதி முடித்த பிறகுதான் அடுத்த பறவையைப் பார்க்கலாம். அவருக்குப் பின் நோட்டும் எனக்கு வந்தது, சட்டமும் வந்தது.

சென்ற வருஷம் என் பத்து வயதுப் பெண், "இதுவும் ஒரு பரீட்சைதானே, அப்பா? இனிமேல் நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டாள். என் மனத்தில் சுருக்கென்று தைத்தது. தலைமுறையாக வந்த இன்பம் என்னோடு நின்றுவிடுமோ என்று கவலை கொண்டேன்.

நல்ல பைனாகுலர் கிடைக்காத காலத்தில், பறவையை ஐயமற அறிய வேண்டுமானால் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்து, சீட்டுக் கட்டி வைக்க வேண்டியிருந்தது. காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவிக்க முன்னின்ற ஹியூம் துரையே அவ்விதம் சேர்ந்த 60,000-க்கு மேற்பட்ட பறவைத் தோல்களை 1885-ம் வருஷத்தில் பிரிட்டிஷ் மியூஸியத்துக்கு அளித்தார். காங்கிரஸ் பிறந்ததும் அதே வருஷந்தான்! பிற்பாடு துப்பாக்கி போயிற்று. சீட்டு மட்டும் எங்கள் நோட்டில் தங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. ஆராய்ச்சி செய்பவர்களுக்குக் கணக்கு அவசியம். விடுமுறை நாளில் வேடிக்கை பார்க்க வந்த குழந்தைக்கு அது எதற்கு?

ஆகவே இந்த வருஷம் நோட்டை அலமாரியிலேயே விட்டுவிட்டு, அவளைக் கெஞ்சி அழைத்துப் போனேன். நீரில் நின்ற மரங்களில் கிளைக்குக் கிளை கூடுகள். கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் இருந்தன. நாங்கள் ஒரே ஒரு கூட்டை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். தாய்ப் பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளின் மேல் வெயில் படாமல் மறைத்து நின்றது.

"அப்பா, அதன் அலகு நடுவில் மூடவே இல்லையே! குஞ்சுக்கு மட்டும் நன்றாக மூடியிருக்கிறதே!" என்றாள். நத்தைகுத்தி நாரைக்கு அந்த இடைவெளி வளர்ந்த பிறகே உண்டாகிறது. இத்தனை வருஷம் அந்தப் பெயரை எழுதிய நான் குஞ்சின் அலகை ஒரு நாளும் கவனித்ததில்லை!

அப்படியானால் முன்னோர் வழக்கம் எல்லாவற்றையும் விட்டுவிடலாமா? அவ்வூராரையே பாருங்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் காவல் உரிமைக்குப் பட்டயம் பெற்றவர்கள் அவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்தவர்கள். பறவைகளைக் கலைக்காமல் காக்கும் அந்த வழக்கத்துக்குக் காரணம் இன்றும் உயிரோடிருக்கிறது; ஆகையால் வழக்கமும் இருக்க வேண்டியதே. எங்கள் நோட்டின் காரணமோ எப்போதோ போய்விட்டது.

கரையை விட்டு இறங்கும்போது என் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"குஞ்சுகள் பறப்பதற்குள் இன்னொரு முறை வரலாமா, அப்பா?" என்று கேட்டாள்.