புறவாசலை நீட்டுவதற்கு முன்

கோவில்பட்டியில் வீடு கட்டிக் குடியேறிய கொஞ்ச நாளிலேயே பிள்ளைகளுக்கு அடுத்த யோசனை வந்துவிடுகிறது. "பின்னால சும்மாதான கெடக்கு, மதில் வரைக்கும் தளம் இழுத்து மேல ஷீட் போட்டுரலாம்." ஆசையில் தப்பில்லை. வெயில் தாழ்ந்த பிறகு வயசானவர்கள் கால் நீட்டி உட்காரவும், வத்தல் காயப்போடவும், பேரப்பிள்ளைகள் ஓடியாடவும் அப்படி ஓர் இடம் வேண்டியதுதான். ஆனால் அந்த இடம் சும்மா கிடக்கவில்லை.

நம் கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து உப்பும். சித்திரையில் வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால்தான் கொத்தனார்கள் வானம் என்கிற அஸ்திவாரக் குழியை ஆழமாகத் தோண்டி, கரிசலை அள்ளி வெளியே போட்டுவிட்டு, சரள் நிரப்பிக் கெட்டித்து அஸ்திவாரம் எழுப்புகிறார்கள். ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இந்த மாதிரி மண்ணுக்கென்றே அடிப்பக்கம் அகன்ற தூண் அஸ்திவாரத்தை நாடு முழுக்கப் பரப்பியது. வீட்டுக்கு இவ்வளவு பார்க்கிறவர்கள், பின்னால் இழுக்கும் தளத்துக்கு ஒரு முழம் தோண்டியதும் நிறுத்திவிடுகிறார்கள். வீடு ஆழத்தில் நிற்கிறது, தளம் மேல்மண்ணில் நிற்கிறது. மழைக்குத் தளம் ஏறும், கோடைக்கு இறங்கும், வீடு அசையாது. இரண்டும் ஒட்டுகிற இடத்தில் முதல் வருஷம் மயிரிழைக் கீறல் விழும். போகப் போக அதில் விரல் நுழையும். அந்த வழியாகத் தண்ணீர் வீட்டின் அடிக்கே இறங்கும். ஷீட்டின் வாட்டம் பக்கத்து மதிலைப் பார்த்து இருந்தால் அவர்கள் அஸ்திவாரத்துக்கும் அதே கதிதான்.

இன்னொன்றும் உண்டு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். பல வீடுகளில் அந்தக் குழி புறவாசலில்தான் இருக்கிறது. தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருமா என்று பார்த்திருக்கும் ஊர், தன் மேல் பெய்கிற மழையையும் சிமெண்ட் போட்டு மூடிவிடக் கூடாது.

பின்னால் இத்தனை அடி விட வேண்டும் என்பது 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. செட்பேக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மனையின் அளவு, கட்டடத்தின் உயரம் இவற்றைப் பொறுத்து அது மாறும். 2024 ஜூலையில் அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், அதாவது ஏறக்குறைய ஐந்தே முக்கால் சென்ட்டில், 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர் விதிப்படி கட்டுகிறேன் என்று தானே சான்று கொடுத்து இணையத்தில் உடனே அனுமதி வாங்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் வரைபடத்தில் காட்டிய காலியிடத்துக்கு இனி அலுவலர் பொறுப்பில்லை, கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு.

விதியை மீறித்தான் தீர வேண்டும் என்ற நிலை சிலருக்கு உண்மையிலேயே வரும். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் 113-ஆவது பிரிவில் விலக்கு கொடுக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்திருக்கிறது. அப்படிக் கொடுத்த விலக்குகளை எதிர்த்து சென்னையைச் சேர்ந்த கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் என்ற அமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000-இல் வந்த தீர்ப்பு அந்தப் பிரிவு செல்லும் என்றது. ஆனால் அதன்படி பிறப்பித்த அறுபதுக்கு மேற்பட்ட அரசாணைகளை ரத்து செய்தது. ஏன் விலக்கு என்பதற்கு அவற்றில் உருப்படியான காரணம் இல்லை. பணம் கட்டி மீறலை வரன்முறை செய்துகொள்ளும் 113-ஏ பிரிவை ஒரே ஒரு தடவைக்கு என்றுதான் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பிறகும் கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள். அந்த நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ரத்து செய்தது.

விலக்குக்கு உருப்படியான காரணம் வேண்டும் என்ற அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சாரம் ஒரு சின்னப் புறவாசலுக்கும் பொருந்தும். மனு எழுதிக்கொடுத்தே வயதானவன் நான். "அண்ணாச்சி, இதை எழுதிக் குடுங்க" என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் காரணத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் வாசிக்க முடியுமா? அமெரிக்காவில் வீட்டுக்குப் பின்னால் மரத்தளம் நீட்ட விலக்கு கேட்டால், பெரும்பாலான ஊர்களில் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு போகும். அவர்கள் கூட்டத்துக்கு வந்து தங்கள் தரப்பைச் சொல்லலாம். அங்கே அது சட்டம். நம் தெருவில் அதற்கு ஒரு வாசல்படி ஏறினால் போதும்.

எங்கள் தெருவில் முழங்கால் தேய்ந்த ஒரு தாய்க்காகத் தளம் கேட்டு மகன் வந்தார். புறவாசலுக்கு மூன்று படி, அந்த அம்மாவால் இறங்க முடியவில்லை. உண்மையான காரணம். பக்கத்து வீட்டாரிடம் போய் அதையே சொன்னார். அவர்கள் வந்து பார்த்துவிட்டு, "எங்க அடுப்படி ஜன்னலுக்கு வெளிச்சம் வர்ற பக்கம் இதுதான். அம்மாவுக்குச் சரிவுப் பாதைதான வேணும், ஷீட் எதுக்கு?" என்றார்கள். நூல் பிடித்து அளந்தோம். பின்படியை ஒட்டி, வீட்டின் பக்கவாட்டில், விதிக்குள்ளேயே சரிவு வந்துவிட்டது. மனுவுக்கே வேலை இல்லாமல் போயிற்று.

இருபது வருஷம் தடையில்லாமல் ஒரு வீட்டு ஜன்னல் அனுபவித்து வந்த வெளிச்சமும் காற்றும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி உரிமையே ஆகிவிடும். பழைய தெருக்களில் வழக்குக்கு இழுப்பது பல நேரம் இதுதான். மனை சில லட்சம் பெறும், வழக்கு பிள்ளைகள் காலம் வரைக்கும் நீளும்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் வேலை ஆரம்பிக்க நினைக்கிறவர்கள், ஜல்லி இறக்குவதற்கு முன்பே அனுமதி வாங்கிய வரைபடத்தை எடுத்துக்கொண்டு நகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்குப் போய், பின்னால் எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அன்று சாயங்காலமே அதே வரைபடத்தைப் பக்கத்து வீட்டிலும் விரித்துக் காட்டுங்கள்.