வாலில் இருக்கிறது வழி

காஞ்சிபுரத்தில் விடியற்காலையில் மூங்கில் மண்டபத்துப் பக்கம் நின்று பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் வந்தபடி இருக்கும். அப்பா தறியில் உட்கார்ந்தவர். பிள்ளை கழுத்தில் ஐ.டி. கார்டோடு நிற்கும். "பிக்கப் இங்கதான் தாத்தா, டிராப் ரங்கசாமி குளம்", "நேத்து வண்டி பிரேக் டவுன்" என்று சரளமாகப் பேசும். அதே பிள்ளை, இன்டர்வியூவுக்குப் படிக்கிறேன் என்று ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்ததும் மிரண்டுபோகிறது. நூறு சொல், எதிரே நூறு பொருள் என்று நெட்டுருப் போட்டால் நாலு நாளைக்குத் தாங்காது.

அண்ணா பிறந்த ஊர் என்பதற்காக எங்களுக்கு ஆங்கிலம் தானாக வந்துவிடவில்லை. காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் வடக்கத்திக்காரர்களோடும் வெள்ளைக்காரர்களோடும் பேசிப் பேசிப் பழகியதுதான் எனக்கு. வினைச்சொல்லைவிட, அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டிச் சொல்லைத்தான் நான் கவனிப்பேன். போகிற திசை அங்கேதான் இருக்கிறது.

'ஆஃப்' என்ற வாலை எடுத்துக்கொள்ளுங்கள். 'செட் ஆஃப்' என்றால் வீட்டை விட்டுக் கிளம்புவது. 'டிராப் ஆஃப்', ஒருவரை வழியில் இறக்கிவிடுவது. 'சீ ஆஃப்', வழியனுப்புவது. 'டேக் ஆஃப்', விமானம் தரையை விட்டு எழும்புவது. நாலிலும் ஏதோ ஒன்று ஒன்றை விட்டுப் பிரிகிறது. இது பிடிபட்டால் நாலையும் தனித்தனியாக உருப்போட வேண்டாம்.

நம்மவர்கள் தடுக்குகிற இடம் வேறு. நமக்கு பஸ்ஸானாலும் ஆட்டோவானாலும் 'ஏறு'தான். ஆங்கிலத்திலோ நின்று நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானம் என்றால் 'கெட் ஆன்', இறங்க 'கெட் ஆஃப்'. குனிந்து உள்ளே உட்காரும் கார், ஆட்டோ என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. மேலே ஏறி உட்காருவதால் சைக்கிளும் பைக்கும் 'ஆன்' பக்கம் சேர்ந்துவிடும்.

2019-இல் அத்திவரதர் எழுந்தருளிய 48 நாளும் ஊரே திணறியது. வெளியூர் வண்டிகளுக்காக ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போட்டிருந்தார்கள். ஒரு கல்லூரிப் பெண் தெலுங்குக்காரக் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். 'கெட் ஆஃப்' என்கையில் கை கீழே இறங்கும். 'கோ அரவுண்ட்' என்கையில் விரல் ஒரு சுற்றுச் சுற்றும். கூட வந்த பாட்டிக்கு ஆங்கிலம் துளியும் தெரியாது, ஆனாலும் வாலின் திசை கையில் தெரிந்ததால் தலையாட்டினார்.

எல்லா வாலும் இப்படி வழி காட்டாது என்பதும் உண்மை. 'டர்ன் அப்' என்றால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது. எந்த வாலைப் பிடித்தாலும் அது விளங்காது. நாம் மட்டும் என்னவாம்? "அந்தப் பக்கம் வந்தா கடையை எட்டிப் பாத்துட்டுப் போங்க" என்கிறோம், யார் எட்டிப் பார்க்கிறார்கள்? ஆங்கிலத்தில் அதை 'டிராப் இன்' என்கிறார்கள். இந்த மாதிரிச் சொற்களை மட்டும் உருப்போட்டால் போதும்.

இன்னொன்று. அம்மாவை அழைத்துவரச் சொல்லும்போது 'பிக் அப் மை மதர்' என்றும் சொல்லலாம், 'பிக் மை மதர் அப்' என்றும் சொல்லலாம். 'அவரை' என்று மாற்றினால் மட்டும் 'பிக் ஹெர் அப்' ஒன்றுதான் சரி. ஏன் என்று கேட்காதீர்கள், வாய்க்குப் பழக்குங்கள். சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டுப் படி இறங்குவதிலிருந்து மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிற வரைக்கும் ஒவ்வோர் அடியையும் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.