எத்தனை பெட் சார்?

"சார், நம்ம ஆஸ்பத்திரியில எத்தனை பெட்?"

ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் வேலை பார்த்தப்போ, சுகர் மாத்திரை வாங்க வந்த ஒரு அண்ணா கேட்டார். யாரையோ அட்மிட் பண்ணணும் போலன்னு நினைச்சு "ஆறு"ன்னு சொன்னேன். முகம் மலர்ந்துடுச்சு. "அப்போ பிரச்சனை இல்ல சார். பத்து பெட் இருந்தாதான் ஆஸ்பத்திரி கணக்காம்!"

நாலு விசைத்தறி வச்சிருந்தார். எங்க காம்பவுண்டை ஒட்டி ரோட்டோரமா அவருக்கு நிலம். அதில பெட்ரோல் பங்க், கூடவே பால், ரொட்டி, உரம், விதை விக்கிற ஒரு கடை. இந்தியன் ஆயில் கிராமங்கள்ல 'கிசான் சேவா கேந்திரா'ன்னு நடத்துதே, அந்த மாதிரி. எல்லை தாண்டினா ஆந்திராவில பெட்ரோல் விலை கூட. அதனால நகரி, புத்தூர் போற வண்டியெல்லாம் இந்தப் பக்கமே டேங்க் நிரப்பிக்கும். கணக்கு சரியாத்தான் போட்டிருந்தார்.

அவர் சொன்ன பத்து பெட் கணக்கும் நிஜம்தாங்க. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில ஒரு வழிகாட்டுதல் போட்டுச்சு. புது பங்க், பள்ளிக்கூடம், 10 படுக்கையோ அதுக்கு மேலயோ உள்ள மருத்துவமனை, சட்டப்படி குடியிருப்புன்னு வகைப்படுத்தின பகுதி, இதுக்கெல்லாம் 50 மீட்டருக்குள்ள வரக்கூடாது. இடநெருக்கடி இருந்தா கூடுதல் பாதுகாப்போட குறைக்கலாம், ஆனா எந்த நிலையிலும் 30 மீட்டருக்குக் கீழ கூடாது.

நம்ம கிராமங்கள்ல பல இடத்தில, இது குடியிருப்பு, இது வணிகம்னு வகைப்படுத்தின வரைபடமே கிடையாது. எங்களுக்கு பெட் ஆறு. ஆக, ரெண்டு கணக்கிலயும் நாங்க வரலை.

ஆனா அந்த ஆறு பெட்டுக்கு வெளியே யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள். புதன்கிழமை தடுப்பூசிக்கு கைக்குழந்தைகள். திண்ணை, வேப்பமரத்தடி எல்லாம் நிரம்பி வழியும். பிரசவ அறையில ஆக்சிஜன் சிலிண்டர் வேற.

பங்க்னா எல்லாரும் தீயைத்தான் நினைப்பாங்க. எனக்கு அதைவிட ஆவி மேல கவலை. தரைக்கடியில இருக்கிற டேங்க்ல பெட்ரோல் தீர்ந்தாலும் அது காலியா இருக்காது, ஆவி நிறைஞ்சிருக்கும். லாரி வந்து 12,000 லிட்டர் இறக்கினா, கிட்டத்தட்ட அதே அளவு ஆவி வெளியே போயாகணும். அதை லாரிக்கே திருப்பி அனுப்பற அமைப்பு இல்லேன்னா, வென்ட் பைப் வழியா வெளியே வரும். அதில பென்சீன் இருக்கு. இப்போ விக்கிற பெட்ரோல்ல 1 சதவீதம் வரைக்கும் அனுமதி. ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பொருள் அது. ஒருநாள் பெட்ரோல் போட நிக்கிறதால யாருக்கும் ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. தினமும் பக்கத்திலேயே இருக்கிறவங்க கதை வேற.

இதெல்லாம் தெரிஞ்சும் அவர்கிட்ட "வேண்டாம்"னு சொல்ல எனக்கு வாய் வரலை. காரணம் ஒரு குழந்தை.

அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஒன்றரை வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. விடாத இருமல், வாயெல்லாம் பெட்ரோல் வாசனை. பக்கத்தில பங்க் இல்லாத ஊர். பெட்டிக்கடையில கூல்டிரிங்ஸ் பாட்டில்ல பெட்ரோல் விப்பாங்க. அதை வாங்கிட்டு வந்து வீட்டு மூலையில வச்சிருக்காங்க. பையன் ஜூஸ்னு நினைச்சு ஒரு வாய் குடிச்சுட்டான். பதறிப்போன பாட்டி உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வச்சுட்டாங்க.

அதுதான் வினையே. பெட்ரோல் வயித்தில கிடக்கிறதைவிட, வாந்தியோட மேல வந்து நுரையீரலுக்குள்ள இறங்கினாதான் ஆபத்து. தண்ணியைவிட லேசா ஓடுற திரவம், சட்டுனு உள்ள போயிடும். அதனால, பெட்ரோலோ மண்ணெண்ணெயோ குழந்தை குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத்தண்ணி, பால் எதுவும் வேண்டாம். நனைஞ்ச துணியைக் கழட்டி, உடம்பை சோப்பு போட்டுக் கழுவிட்டு, 108ஐக் கூப்பிடுங்க. நல்லா விளையாடினாலும் கூட்டிட்டு வாங்க. இருமல் சில மணி நேரம் கழிச்சும் ஆரம்பிக்கலாம்.

ஆக்சிஜன் வச்சு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைச்சுட்டான்.

அந்தப் பாட்டிலுக்கு எந்த என்ஓசியும் கிடையாது. 1934ஆம் வருஷ பெட்ரோலியச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம 30 லிட்டர் வரை வச்சுக்கலாம், ஆனா விக்கக்கூடாது. கண்ணாடின்னா ஒரு லிட்டருக்கு மேல கூடாது, இல்லேன்னா உலோகக் கேன். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அதில இடமே இல்லை. முறையா ஒரு பங்க் வந்தா, பாட்டில் வியாபாரம் பாதியாவது படுக்கும். (பங்க்லயே பாட்டில் நீட்டினா பிடிச்சுக் கொடுக்கிறவங்களும் இருக்காங்க. அதையும் ஒத்துக்கறேன்.)

அதனால அவர்கிட்ட சொன்னேன். "அண்ணா, பங்க் வரட்டும். ஆனா எங்களைப் பத்து பெட் ஆஸ்பத்திரின்னே நினைச்சுக்கோங்க. எங்க சுவத்திலிருந்து 50 மீட்டர் விடுங்க."

"நிலமே அவ்வளவு அகலம் இல்லியே சார்."

அப்புறம் உட்கார்ந்து பேசினோம். அந்த 50 மீட்டரை நிலத்தோட எல்லையிலிருந்து அளக்கறதில்லை. எண்ணெய் இறக்கற வாய், பெட்ரோல் போடற மெஷின், வென்ட் பைப், இந்த மூணில எது நமக்குக் கிட்ட இருக்கோ அதிலிருந்துதான். பின்னாடி இருந்த அவரோட தறிக்கூடத்தையும் சேர்த்தா இடம் வரும். கடையை எங்க பக்கம் வச்சுக்கலாம், ரொட்டியும் உரமும் யாரையும் ஒண்ணும் பண்ணாது. டீ அடுப்பு மட்டும் கூடாதுன்னேன். லைசென்ஸ் எல்லைக்குள்ள நெருப்புக்கு இடமில்லை. அதுக்குத்தான் ரொம்ப வருத்தப்பட்டார். டீக்கடை அவரோட சம்சாரம் ஆசையாம்.

ஒரு விஷயம், இதில டாக்டர் சொல்றது எந்த ஃபைல்லயும் ஏறாது. எண்ணெய் நிறுவனம்தான் கலெக்டர்கிட்ட தடையின்மைச் சான்று கேட்கும். தாசில்தார், போலீஸ், தீயணைப்பு, நெடுஞ்சாலைன்னு அறிக்கை போகும். கடைசியில வெடிபொருள் பாதுகாப்புத் துறை, அதான் பெசோ, வரைபடத்தைப் பார்த்து லைசென்ஸ் தரும். உங்க ஊர்ல பங்க் வர்றதில ஆட்சேபணை இருந்தா, கட்டி முடிச்சப்புறம் கொடி பிடிக்காதீங்க. கலெக்டர் விசாரணை நடக்கறப்பவே எழுதிக் கொடுங்க.

அடுத்த மாசம் மாத்திரை வாங்க வந்தப்போ அண்ணா கையில புது வரைபடம். வென்ட் பைப் தறிக்கூடம் இருந்த மூலைக்குப் போயிருந்தது. சுகர் மட்டும் ஏறியிருந்தது.