சுழல்கின்றது, பற்றவில்லை

இக்காலத்து மோட்டார் வண்டி நோயுற்றால் அதனுள் இருக்கும் கணினியே நோயின் பெயரைச் சொல்லிவிடுகின்றது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட வண்டிகளுக்கு அந்த வாய் இல்லை. அவற்றின் நோயைக் காதால் கேட்டும், மூக்கால் முகர்ந்தும், கையால் தொட்டுமே அறிதல் வேண்டும். இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அவர்தம் பெற்றோரிற் பலர் ஒரு காலத்தில் இந்த வித்தையை நம்பியே நோயாளரை யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றவர்கள். ஆதலால் அதனை இங்கு எழுதிவைக்க விழைகின்றோம்.

வட இலண்டனில் வாழும் சகோதரர்களாகிய எமக்கு 1968ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று பொதுவில் உண்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வகை வண்டி 1948இல் இலண்டன் ஏள்ஸ் கோர்ட் கண்காட்சியிலே முதன்முதல் வைக்கப்பட்டது. பின்னர் பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதன் உறவினனாகிய ஒஸ்ரின் ஏ40ஐ யாழ்ப்பாணத்தார்க்கு நாம் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை.

குளிர்காலக் காலைகளில் எமது வண்டி அடிக்கடி ஒரு பிடிவாதம் செய்யும். சாவியைத் திருப்பினால் இயந்திரம் நன்றாகச் சுழலும், ஆனால் பற்றிக்கொள்ளாது. இவ்வேளையில் மீண்டும் மீண்டும் சுழற்றிப் பற்றறியை வற்றச் செய்வோரே மிகுதி. அது வீண். பெற்றோல் இயந்திரம் கேட்பவை மூன்றுதான்: உரிய நேரத்தில் தீப்பொறி, காற்றோடு கலந்த எரிபொருள், உருளைக்குள் போதிய அமுக்கம். இவற்றுள் எது இல்லை என்பதே கேள்வி.

முதலிற் செவி கொடுத்தல் வேண்டும். சுழலும் ஓசை சோர்ந்து இழுபடுமாயின், ஸ்ராட்டர் மோட்டாரே மின்னையெல்லாம் உறிஞ்சிவிடுகின்றது. கொயிலுக்கு எஞ்சுவது போதாது. ஓசை நன்றாக இருப்பின் பொறியைப் பார்க்கலாம். (சிறுவர் இதனைத் தனித்துச் செய்தல் ஆகாது. ஆயிரக்கணக்கான வோல்ற் பாயும் இடம் அது. பெற்றோல் மணம் வீசுமிடத்திற் செய்தலும் கூடாது.) ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் கம்பியோடு பொருத்தி, உடற்பகுதி இயந்திரத்தின் இரும்பைத் தொடும்படி வைத்துச் சுழற்றினால் நீலப்பொறி பாய வேண்டும். பாயாவிடின் குற்றம் பெரும்பாலும் டிஸ்ரிபியூட்டரின் மூடிக்குள் இருக்கும். இலண்டனின் ஈரம் அங்கே குடியிருப்பதை நாம் பன்முறை கண்டுள்ளோம். உலர்ந்த துணியாற் துடைத்த மாத்திரத்தே வண்டி உயிர்பெற்றதும் உண்டு. அம்மூடிக்குள் இருக்கும் ரோட்டர் என்னுஞ் சிறு துண்டு இல்லையேல் வண்டி சுழலுமேயன்றிப் பற்றாது. கள்வருக்கு அஞ்சி அதனைக் கழற்றிச் சட்டைப் பையில் இட்டுச் சென்ற காலமும் உண்டு.

பொறி உளதாயின் எரிபொருள். மொறிஸ் மைனரின் எஸ்.யூ. மின்பம்பி வாய்விட்டுப் பேசும். சாவியைத் திருப்பியதும் சில முறை 'டிக் டிக்' என்று ஒலித்து நின்றால் காபரேற்றர் நிறைந்துவிட்டது என்பது பொருள். ஓயாது ஒலித்தால் தாங்கி வெறுமை, அல்லது குழாயிற் காற்று. ஒலியே இல்லையெனில், திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டினால் விழித்துக்கொள்வதும் உண்டு! பிளக் நனைந்து பெற்றோல் மணத்தால் சோக்கை அளவுக்கு மீறி இழுத்துவிட்டோம் என அறியலாம். அமுக்கம் குன்றியிருப்பின் அது கராச்சுக்குரிய வேலை.

இவ்வரிசையை நாம் கற்றது இலண்டனிலன்று. 1990 நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது, மின்சாரமும் நின்றது. அப்போது கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் கடுங்குளிரிலும் ஆவியாகித் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கோ ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே யாழ்ப்பாணத்து வெயிலிலேகூடக் குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயிற் பற்றாது. சூப்பிப் போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு உயிர்ப்பித்து, சூடேறிய பின் மண்ணெண்ணெயைக் கொடுத்தனர். பிரித்தானிய விவசாயிகளும் முன்னர் இதையே செய்தனர் என்பதை இங்கு வந்த பின்னரே அறிந்தோம். போர்ட்சன் முதலிய உழவு இயந்திரங்களில் இரண்டு தாங்கிகள் இருந்தன. பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாற்றினர். அமுக்கம் குறைந்த பழைய இயந்திரங்களாதலால் அவை தாங்கின.

1992இல் ஓர் இரவு. கோண்டாவிலில் எமது தங்கைக்குப் பிரசவ வலி கண்டது. அயலில் வாடகைக்கு ஓடிய ஏ40 ஒன்றே கதி. பற்றறி செத்திருந்தமையால் நாம் இருவரும் முன்னால் நின்று கைப்பிடியாற் சுழற்றினோம். பற்றவில்லை. சூப்பியில் எஞ்சியிருந்தது ஒரு தேக்கரண்டியளவு பெற்றோல். "இன்னுங் கொஞ்சம் விடுங்கோ அண்ணை" என்று நாம் பதறினோம். அவர் விடவில்லை. "பொறுங்கோ தம்பியவை. முதல்ல நெருப்பைப் பாப்பம், பிறகு எண்ணெய்" என்றார். ஜாம் போத்தல் விளக்கை எட்ட வைக்கச் சொல்லிவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி இல்லை. பொயின்ற் கருகியிருந்தது. தீப்பெட்டியின் உரசும் பக்கத்தைக் கிழித்து அதனிடையே நாலைந்து முறை இழுத்தார், ஊதினார், மூடினார். அதன் பின்னரே துளிகளை விட்டார். இரண்டாஞ் சுற்றிற் பற்றியது. வெண்புகையோடு சென்று வைத்தியசாலையை அடைந்தோம். விடிவதற்கு முன் மருமகள் பிறந்தாள்.

அவர் அவ்விரவு எண்ணெயை முதலில் விட்டிருந்தால் பொறியில்லாத உருளைக்குள் அத்தனையும் வீணாகியிருக்கும். பெற்றோல் தாராளமாய்க் கிடைக்கும் இந்நாட்டிலும் நாம் அவ்வரிசையை மாற்றுவதில்லை.

மருமகள் இப்போது ஹறோவில் இருக்கின்றாள், மின்கார் ஓட்டுகின்றாள். மொறிஸ் மைனரின் மூடியைத் திறக்கும் நாட்களில் மட்டும் தவறாது வந்து நிற்பாள். பொயின்ற் இடைவெளியை 15 ஆயிரத்திலொரு பங்கு அங்குலத்துக்கு வைப்பது இப்பொழுது அவள் வேலை. 2021 செப்ரெம்பர் முதல் இந்நாட்டில் வழக்கமான பெற்றோலில் பத்து விழுக்காடு வரை எதனோல் கலந்திருப்பதால் பழைய இறப்பர்க் குழாய்கள் வெடிக்கின்றன. அவற்றை மாற்றும் வேலை இவ்வாண்டு எஞ்சியுள்ளது.