பாட்டியின் பெயரைச் சொல்லிவிடுங்கள்

அஸ்ஸாம், டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த பிரிட்டிஷ் துரைமார் பலரும் தனியாட்களாகத்தான் வந்தார்கள். காட்டுக்கு நடுவே ஒரு பங்களா. பேச்சுத் துணைக்கு ஆளில்லை. தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்களோடு சிலர் அங்கே குடும்பம் நடத்தினார்கள். அந்தப் பெண்களில் எத்தனை பேர் மனமொப்பிப் போனார்கள் என்று கேட்க அன்று நாதியில்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சேதி, துரை தன் சொந்த ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் இருக்காது.

ஜான் ஆண்டர்சன் கிரகாம் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி 1889இல் காலிம்போங் வந்தார். இந்தப் பிள்ளைகளின் கதி அவரை உறுத்தியது. 1900இல் அவர்களுக்காக ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். டாக்டர் கிரகாம்ஸ் ஹோம்ஸ் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது. தகப்பன்மார் பணம் கட்டிச் சேர்த்தார்கள். சோறும் படிப்பும் கிடைத்தன; தாய் கிடைக்கவில்லை. 1908 முதல் 1938 வரை அங்கு வளர்ந்தவர்களில் சுமார் 130 பேர் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார்கள். பையன்கள் பண்ணை வேலைக்கு, பெண்கள் வீட்டு வேலைக்கு.

போனவர்கள் அங்கேயே மணம் முடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள். ஆனால் பிறந்த மண்ணைப் பற்றி வாய் திறக்காதவர்கள் அவர்களில் ஏராளம். அப்படிப் போன ஒருவரின் பேத்திதான் ஜேன் மெக்கேப். வரலாற்று ஆய்வாளரான பிறகு, தன் பாட்டி வந்த வழியைத் தேடி, மற்றக் குடும்பங்களின் கதையையும் சேர்த்து 2017இல் புத்தகமாக வெளியிட்டார். பேரப்பிள்ளைகள் பலருக்குத் தங்கள் வேர் தெரிந்ததே முதுமையை நெருங்கும்போதுதான். தாத்தா யாரென்று காகிதங்கள் சொல்லும். கொழுந்து பறித்த பாட்டியின் பெயரைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு.

இரண்டு தலைமுறையும் மறைத்தது என்று ஒரே தட்டில் வைத்து எடைபோட எனக்கு மனம் வரவில்லை. தகப்பன் மறைத்தது தன் கௌரவத்துக்காக. பிள்ளை மறைத்தது பயத்தால். 1920இல் நியூசிலாந்து தன் குடியேற்றச் சட்டத்தை இறுக்கி, ஆசியர்கள் உள்ளே வருவதைக் கடினமாக்கியது. நிறத்தைப் பார்த்து மனிதரை அளந்த காலத்தில், தன் குழந்தைகளாவது தலைநிமிர்ந்து நடக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்ட தாயைக் குறை சொல்ல முடியுமா? துரையின் மௌனத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பெற்றவளிடமிருந்து குழந்தையைப் பிரித்த கை அது. அவர் தொடங்கிவைத்த மறைப்பின் சுமையைத்தான் அந்தக் குழந்தைகள் ஆயுள் முழுக்கச் சுமந்தார்கள்.

எழுபதைத் தாண்டிய நான் இதை ஏதோ தூரதேசத்துக் கதையாகப் படிக்கவில்லை. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதால் பேச்சிலிருந்தே விலக்கப்பட்ட அத்தை, தத்தெடுத்த பிள்ளை, தாத்தாவுக்கு வேறு ஊரில் இருந்த இன்னொரு குடும்பம் என்று நம் வீடுகளிலும் மறைத்த கதைகள் இருக்கின்றன. விவரம் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறோம். சொல்லாமல் விட்டால் ஒருநாள் சொத்துத் தகராறிலோ, கல்யாண வீட்டுச் சண்டையிலோ யாரோ ஒருவர் கோபத்தில் அதைக் கக்குவார். கேட்கும் பிள்ளைக்கு விஷயத்தைவிட, தன்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதே அதிகமாக வலிக்கும்.

என் வயதுக்காரர்களே, நல்ல மனநிலையில், நிதானமாக உட்கார்ந்து உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். யார் மேலும் தீர்ப்பு எழுத வேண்டாம். விட்டுப்போன பெண்களின் பெயர்களை முதலில் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளிடம் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.